எல்லாம் கொடுத்தும் கேட்டதைக் கொடுக்காத பக்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) தவறுவதில்லை, காலை ஜெபம் தவறுவதில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லும் கிறிஸ்தவர்கள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். பிரசங்கத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டுதான்: "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்", "முழுமையாக ஒப்புக்கொடுங்கள்". முதல் பதில் பல வேளைகளில் நோயையே மருந்தாகக் கொடுப்பது. இரண்டாவது சரியான பதில். ஆனால் எதை ஒப்புக்கொடுப்பது, எங்கே தொடங்குவது, மறுநாள் காலையில் என்ன செய்வது என்று விளக்காமலே கூட்டம் முடிந்துவிடுகிறது. வேதபாடமும் ஆலோசனையும் நடத்துகிறவர்கள் என்ற முறையில் அந்த விளக்கத்தை உங்கள் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

பக்தி சடங்காகிப்போனதற்குச் சோம்பல், கவனக்குறைவு, பழக்கம் என்றே காரணம் சொல்லி வருகிறோம். வேதாகமம் அதைவிடக் கடுமையான காரணம் ஒன்றைக் காட்டுகிறது. 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அமலேக்கியரோடு போருக்குப் போன சவுல் ராஜாவுக்கு, எதையும் தப்பவிடக் கூடாது என்பது கட்டளை. அவனோ ஆகாக் ராஜாவையும் ஆடுமாடுகளில் முதல்தரமானவற்றையும் தப்பவைத்தான். தீர்க்கதரிசி சாமுவேல் வந்ததும், அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றிவிட்டேன் என்கிறான். பின்னால் ஆடுகள் கத்துகின்றன. அது என்ன சத்தம் என்று சாமுவேல் கேட்டபோது அவன் சொன்ன பதில்தான் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம்: நல்லவற்றை வைத்திருப்பது கர்த்தருக்குப் பலியிடுவதற்காகவாம். கேட்டதைக் கொடுக்காமல் இருப்பதற்கு வழிபாட்டையே சாக்காகக் காட்டுகிறான். "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்" என்ற வசனம் பிறந்தது அந்தச் சாக்குக்குப் பதிலாக.

அதே அதிகாரத்தில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பிரசங்கங்களில் அவை அதிகம் வருவதில்லை. போர் முடிந்த கையோடு சவுல் கர்மேலுக்குப் போய்த் தனக்கு ஒரு வெற்றித்தூண் நாட்டியிருக்கிறான் (வசனம் 12). பிறகு சாமுவேலிடம் "பாவஞ்செய்தேன்" என்று இரண்டு தடவை சொல்கிறான்; இரண்டாம் தடவை, அதே மூச்சில், மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி கேட்கிறான் (வசனம் 30). பாவ அறிக்கைகூட மரியாதையைக் காப்பாற்றும் ஏற்பாடாகிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேதத்தில் இல்லை.

இயேசு கொர்பான் விவகாரத்தில் (மாற்கு 7:9-13) கைவைத்ததும் இதே புண்ணில்தான். பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைத் தேவனுக்கென்று நேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டால், அதன்பின் தாய்தகப்பனுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று அன்றைய மதத் தலைவர்கள் அனுமதித்தார்கள். காணிக்கை என்ற பெயரில் ஐந்தாம் கட்டளை செத்துப்போனது. அந்த இடத்தில்தான் அவர் ஏசாயாவின் வார்த்தையை எடுக்கிறார்: உதடுகளினால் கனம்பண்ணுகிறார்கள், இருதயமோ தூரமாய் விலகியிருக்கிறது. உதட்டுப் பக்தி என்றால் மனசு அலைபாயும் ஜெபம் என்று நினைத்துக்கொள்கிறோம். இயேசு அதற்குக் காட்டிய உதாரணம் கவனச் சிதறல் அல்ல. பெற்றோருக்குப் போகாத பணம்.

ஆகவே வழக்கமான பக்தி சில வேளைகளில் ஒரு சுவராக நிற்கிறது. தேவன் ஒன்றைக் கேட்கிறார்; நாம் வேறு ஒன்பதைக் கொடுத்து அந்த ஒன்றைக் காப்பாற்றிக்கொள்கிறோம். சகோதரனோடு பல வருடம் பேச்சு வார்த்தை இல்லாதவர் பாடகர் குழுவில் ஒரு வாரமும் தவறுவதில்லை. கூலியைப் பிடித்து வைத்திருப்பவர் ஆலயக் கட்டட நிதிக்கு முதலில் எழுதுகிறார். அவர்கள் வேஷதாரிகள் என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலானவர்கள் வேஷம் போடுவதில்லை. அந்த ஒன்பதும் உண்மையான உழைப்பு, உண்மையான பணம். அதனால்தான் அந்த ஒன்று கண்ணில் படாமலே இருக்கிறது. ஒப்புக்கொடுத்தல் என்பது அந்த ஒன்றைப் பற்றியது.

அந்த ஒன்று எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. தேவனுடைய கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, சிறு வயதிலிருந்தே கைக்கொண்ட பணக்கார வாலிபனிடம் இயேசு எல்லாவற்றையும் விற்கச் சொன்னார் (மாற்கு 10). வரி வசூலித்துப் பணக்காரரான சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன் என்றபோது, மீதிப் பாதி எங்கே என்று அவர் கேட்கவில்லை. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் (லூக்கா 19). அரிமத்தியா ஊர் யோசேப்பு ஐசுவரியவானாகவே இருந்தார். அவருடைய புதுக் கல்லறை பயன்பட்டது. பிசாசு பிடித்திருந்து குணமான கதரேனர் நாட்டு மனிதன் இயேசுவோடு வரவே கெஞ்சினான். வேண்டாம், வீட்டுக்குப் போய் உன் இனத்தாருக்குச் சொல் என்று அனுப்பினார் (மாற்கு 5:18-19). ஊழியத்துக்குப் போகிறேன் என்பதே தன்னிஷ்டமாக இருக்கலாம், வீட்டுக்குத் திரும்புவதே கீழ்ப்படிதலாக இருக்கலாம். எனவே இன்னொருவருடைய சாட்சியைப் பார்த்து அதே அளவை நகல் எடுப்பது வீண். கேட்கப்பட்டது எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

இந்த வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. ஒப்புக்கொடுத்தால் தேவன் ஏற்றுக்கொள்வார் என்று நினைத்துத் தொடங்கினால், அதுவும் பத்தாவது சடங்காகிவிடும். கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது தேவனுடைய ஈவு என்று எபேசியர் 2:8 சொல்கிறது. ரோமர் 12:1-இல் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கும்படி பவுல் வேண்டிக்கொள்வதும் "தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு"த்தான். அந்த இரக்கங்களை விவரிக்க அவருக்கு அதற்கு முன் 11 அதிகாரங்கள் தேவைப்பட்டன. வாரத்தில் 2 நாள் உபவாசித்து, வருமானம் எல்லாவற்றிலும் தசமபாகம் செலுத்திய பரிசேயன் நீதிமானாக்கப்படாமல் திரும்பினான், "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) நீதிமானாக்கப்பட்டவனாய் வீடு போனான் (லூக்கா 18). ஏற்றுக்கொள்ளப்பட்டவன் கொடுக்கிறான், ஏற்றுக்கொள்ளப்படுவதற்காகக் கொடுப்பதில்லை. இந்த வரிசை தலைகீழானால் கீழே சொல்லும் எதுவும் பலிக்காது.

இனி நடைமுறை. தொந்தரவில்லாத 1 மணி நேரமும் 2 தாளும் போதும். முதல் தாளில் இந்தத் தலைப்புகளை எழுதுங்கள்: பணம், நேரம், உடல், குடும்பம், வேலை, மற்றவர் கண்ணில் என் பெயர், மன்னிக்காத ஆட்கள், எதிர்காலம். ஒவ்வொன்றின் கீழும் உணர்ச்சிகளை எழுதாமல் தகவல்களை எழுதுங்கள். "பண ஆசை உண்டு" என்று எழுதினால் பயனில்லை. கடந்த 3 மாதத்தில் பணம் எதற்கு எவ்வளவு போனது என்று எழுதுங்கள். "சிலர் மேல் கசப்பு" வேண்டாம். பெயர், என்ன நடந்தது, கடைசியாகப் பேசியது எப்போது. கைபேசியில் இரவு எத்தனை மணிவரை, எதைப் பார்க்கிறேன். எந்தச் செய்தி வெளியே தெரிந்தால் முகம் காட்ட முடியாது. எழுதிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் கை நிற்கும். அந்தத் தலைப்பைத் தாண்டிப் போகத் தோன்றும், அல்லது நியாயங்கள் வரிசையாக வரும். அங்கே ஒரு கோடு போடுங்கள். 139-ஆம் சங்கீதத்தின் கடைசி 2 வசனங்களை ஜெபமாகச் சொல்லிவிட்டு மறுபடியும் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் கோடு போட்ட இடம்தான் கேட்கப்படும் இடம்.

இரண்டாம் தாளில் அந்த ஒன்றை மட்டும் ஒரே வாக்கியத்தில், அதன் பெயரைச் சொல்லி எழுதி, சத்தமாக ஜெபியுங்கள். "எல்லாவற்றையும் உமக்குத் தருகிறேன்" என்ற ஜெபம் அழகானது, ஆனால் அதில் எதுவும் கைமாறுவதில்லை. "இந்த மனிதனை மன்னிக்கிறேன், அவன் எனக்குக் கொடுக்க வேண்டியதை இனி உம்மிடம் விடுகிறேன்" என்றால் ஒன்று கைமாறுகிறது. அதன் கீழே, 24 மணி நேரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு செயலை எழுதுங்கள்: ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு செயலியை நீக்குவது, மறைத்த கணக்கை வாழ்க்கைத்துணையிடம் காட்டுவது. 7 நாளுக்குள் முடிக்க வேண்டியதும் இருந்தால் தேதியோடு எழுதுங்கள். முதிர்ந்த ஒருவரிடம், வாயடக்கம் உள்ளவராகப் பார்த்து, அந்தச் செயலை மட்டும் சொல்லிவையுங்கள். பிறர் பெயர் உள்ள முதல் தாளைக் கிழித்துவிடுங்கள்.

தவறாக எடுத்த பணம் அந்த ஒன்றாக இருந்தால், வேதம் கணக்கே கொடுத்திருக்கிறது. லேவியராகமம் 6:1-7-இன்படி, எடுத்தது முழுவதையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவனுக்குக் கொடுக்க வேண்டும். 100 எடுத்திருந்தால் 120. அதற்குப் பிறகுதான் குற்றநிவாரண பலி. உரியவன் இல்லை, வாங்கிக்கொள்ள உறவினனும் இல்லை என்றால் மட்டுமே அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும் (எண்ணாகமம் 5:8). ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலத்தனையாய் (நான்கு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொன்னது, ஆட்டைத் திருடியவனுக்கு யாத்திராகமம் 22:1 விதித்த அளவு. தன்னைத் திருடர் வரிசையில் தானே நிறுத்திக்கொண்டார். இந்த வரிசையை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏமாற்றிச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியைச் சபைக்குக் கொடுத்து மனசாட்சியை ஆற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. அதை வாங்கிக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லும் சபைகளும் உண்டு. இருவருமே தவறு செய்கிறார்கள். பணம் முதலில் உரியவருக்கு, அவர் இல்லையென்றால் வாரிசுகளுக்கு. மொத்தமாக முடியாதென்றால் தவணை பேசலாம். தவணை முடியும்வரை காத்திருந்துதான் ஜெபிக்க வேண்டும் என்பதில்லை.

அறிக்கையிடுவதிலும் அளவு வேண்டும். யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர் அளவுக்கு அறிக்கை. தனியே செய்ததைத் தேவனிடமும் நம்பகமான ஒருவரிடமும். ஊரறியச் செய்ததை ஊரறிய. சாட்சி சொல்லும் நேரத்தில் மூன்றாம் நபரின் ரகசியத்தை உடைப்பது இன்னொரு குற்றம். உண்மையைச் சொன்னால் யாருடைய பாதுகாப்பாவது கெடும் என்றால் முதலில் ஆலோசனை கேளுங்கள். சட்டப்படி குற்றம் என்றால், சபைக்குள் ஜெபித்து மூடிவிடாமல் சட்டத்தின் முன் நிற்பதும் மனந்திரும்புதலின் பகுதி.

மன்னிப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ஒப்புக்கொடுத்தல் என்ற பெயரில் மிக அதிகமாகக் காயப்படுத்தப்படுகிறவர்கள் அடிபட்டவர்கள்தான். மன்னிப்பது பழிவாங்கும் உரிமையைத் தேவனிடம் விடுவது. பழையபடி நம்புவது வேறு. அதற்கு எதிராளியின் மாற்றம் தெரிய வேண்டும். யோசேப்பு சகோதரர்களைக் கண்டவுடன் தன்னை வெளிப்படுத்தவில்லை. பென்யமீனைக் கைவிடுவார்களா என்று சோதித்துப் பார்த்து, யூதா தம்பிக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளச் சொன்ன பிறகே அழுது வெளிப்பட்டார் (ஆதியாகமம் 42-45). வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண்ணிடம் "ஒப்புக்கொடுத்துத் திரும்பிப் போ" என்று சொல்கிறவர் தேவனுடைய பெயரால் பேசவில்லை.

ஒப்புக்கொடுத்தது நிற்காமல் போவதற்குப் பொதுவான காரணங்கள் சில. கண்ணீரை அடையாளமாக எடுத்துக்கொள்வது முதலாவது. அழுகை வந்தால் நடந்தது, வராவிட்டால் நடக்கவில்லை என்று கணக்கிடுகிறோம். 24 மணி நேரச் செயல் நடந்ததா என்பதே சரியான கணக்கு. அடுத்தது, ஒருமுறை செய்தால் போதும் என்ற எண்ணம். லூக்கா 9:23-இல் சிலுவையை "அனுதினமும்" எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. திங்கட்கிழமை திரும்ப எடுத்துக்கொண்டோம் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை கொடுத்தது பொய் என்று ஆகிவிடாது. செவ்வாய்க்கிழமை மறுபடியும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று பேரம். தேவன் என்னோடே இருந்து, உண்ண உணவும் உடுக்க வஸ்திரமும் தந்து, சமாதானத்தோடே திரும்பி வரப்பண்ணினால் அவர் எனக்குத் தேவனாயிருப்பார் என்று யாக்கோபு பெத்தேலில் நிபந்தனை போட்டான். லாபான் வீட்டில் 20 வருடம் கழிந்து, யாப்போக்கு ஆற்றங்கரையில் தொடைச்சந்து சுளுக்கிய பிறகே அந்தப் பேரம் முடிந்தது. வேலை கிடைத்தால், நோய் தீர்ந்தால் என்று தொடங்கும் ஒப்புக்கொடுத்தலை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எதையும் செய்யாமல் இருப்பதே ஒப்புக்கொடுத்தல் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. கெத்செமனேயில் இயேசு 3 முறை ஜெபித்தார். என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே என்றார். பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி கேட்டதை மறைக்கவுமில்லை. ஜெபம் முடிந்ததும் அவர் சொன்ன வார்த்தை, "எழுந்திருங்கள், போவோம்". விண்ணப்பம் அனுப்பாமல் வேலைக்கும், மருத்துவரைப் பார்க்காமல் சுகத்துக்கும் காத்திருப்பது அவர் காட்டிய வழி இல்லை.

மிக ஆபத்தான தடுமாற்றம் வேறு. தேவனுக்குக் கொடுக்க வேண்டிய கீழ்ப்படிதல் ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்துவிடுவது. "இதைச் செய்யும்படி கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று உங்கள் திருமணத்தையோ வேலையையோ சொத்தையோ ஒரு தலைவர் முடிவு செய்தால் மூன்றைப் பாருங்கள். யோசிக்க நேரம் தருகிறாரா? குடும்பத்தாரிடமும் வேறு விசுவாசிகளிடமும் கேட்க விடுகிறாரா? முடிவின் ஆதாயம் யாருக்குப் போகிறது? பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. அப்போஸ்தலனைச் சோதித்துப் பார்க்கலாம் என்றால் எந்தப் போதகரையும் சோதித்துப் பார்க்கலாம்.

எல்லா வறட்சியும் கீழ்ப்படியாமை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அது ஜெபம்தான், வேதத்துக்குள் இடம்பெற்ற ஜெபம். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). தூக்கமும் பசியும் ஆர்வமும் 2 வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே பாருங்கள். ஒரே பாவத்தை நாளுக்குப் பல தடவை அறிக்கையிட்டும், சரியாகச் சொன்னோமா என்ற பயம் தீராமல் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது மனச்சுழற்சி நோயின் (OCD) ஒரு வகையாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. அவர்களிடம் போய் "இன்னும் ஆழமாக உன்னை ஆராய்ந்து பார்" என்பது கொடுமை. மேலே சொன்ன பட்டியல் முறையும் அவர்களுக்கு வேண்டாம்.

சரி, செத்துப்போன பழக்கங்களை நிறுத்திவிடலாமா? இந்தக் கேள்வி பழையது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1728-இல் குருப்பட்டம் பெற்றவர். ஆக்ஸ்போர்டில் நண்பர்களோடு வாரம் 2 நாள் உபவாசம், அடிக்கடி திருவிருந்து, சிறைக்கைதிகளைச் சந்திப்பது என்று ஒழுங்காக நடந்தவர். 1735-இல் மிஷனரியாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நடுக்கடலில் புயலடித்தபோது மொராவியர் என்ற ஜெர்மானியச் சபைக் குழுவின் விசுவாசிகள் அமைதியாகப் பாடிக்கொண்டிருக்க, தமக்கு மரணபயம் பிடித்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில்தான், கிறிஸ்து ஒருவரையே நம்புகிறேன் என்ற உறுதி அவருக்கு வந்தது. இதுவரை பலரும் சொல்வார்கள். அடுத்து நடந்ததுதான் நம் கேள்விக்குப் பதில். அவர் சேர்ந்திருந்த லண்டன் ஃபெட்டர் லேன் சங்கத்தில் சிலர், உண்மையான விசுவாசம் வரும்வரை ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சும்மா காத்திருக்க வேண்டும் என்று போதிக்கத் தொடங்கினார்கள். வெஸ்லி அதை ஒத்துக்கொள்ளாமல் 1740-இல் வெளியேறினார். இவை தேவன் வைத்த வழிகள், விசுவாசம் இல்லாதவனும் அந்த வழியில்தான் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒற்தலாமுக்கும் (புதினா) சீரகத்துக்கும் தசமபாகம் கொடுத்து நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டவர்களிடம் இயேசு சொன்னதும் அதுவே: இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும் (மத்தேயு 23:23).

விதிவிலக்கு ஒன்று உண்டு. மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் தேவனே செய்யச் சொன்னது. அதற்கே தூபங்காட்டத் தொடங்கியபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). எந்தப் பழக்கத்தை விட்டால் தேவனே நம்மைக் கைவிட்டுவிடுவார் என்ற பயம் வருகிறதோ, அந்தப் பழக்கத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை. மற்றவற்றை நிறுத்த வேண்டாம், கீழ்ப்படிதலோடு கட்டுங்கள்.

வேதவாசிப்பில் அது எப்படி? 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். வருடத்தில் முடிக்க நாளுக்கு 3 அல்லது 4 வேண்டும். இந்த ஓட்டத்தில் பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். நிற்காதவர்களில் சிலருக்கு முடித்த மகிழ்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. வறட்சியில் இருப்பவர் மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளட்டும்: 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. வாசித்ததும் இயேசு இங்கே யாரிடம் என்ன கேட்கிறார், அவர் மறுத்தாரா, கொடுத்தாரா என்று ஒரு வரி எழுதட்டும். அதில் தனக்குரியது ஏதாவது இருந்தால் மறுநாள் வாசிப்புக்கு முன் அதைச் செய்யட்டும். செய்யாமல் அடுத்த அதிகாரத்துக்குப் போக வேண்டாம். 16 நாள் வாசிப்பு 40 நாள் ஆனாலும் நல்லதே.

ஜெபத்தில், பரமண்டல ஜெபத்தை ஒரே மூச்சில் சொல்லாமல் முதல் மூன்று விண்ணப்பங்களில் நில்லுங்கள். நாமம், ராஜ்யம், சித்தம். நமக்கு வேண்டிய அப்பம் நான்காவதாகத்தான் வருகிறது. "உம்முடைய சித்தம்" என்ற இடத்தில் இன்றைய நாளின் ஒரு முடிவைப் பெயர் சொல்லி வையுங்கள். அந்த ஜெபத்தில் இயேசு திரும்பவும் விளக்கிய விண்ணப்பம் மன்னிப்பு ஒன்றே (மத்தேயு 6:14-15). அங்கேயும் ஒரு பெயர் வேண்டும். இப்படிச் சொன்னால் 10 நிமிடம் ஆகும். வேறு நீண்ட ஜெபம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உபவாசத்தைப் பற்றி ஏசாயா 58 சொல்வதை விடத் தெளிவாகச் சொல்ல முடியாது: உபவாச நாளிலேயே வேலைக்காரரை வருத்துகிறீர்கள், பசித்தவனுக்கு அப்பத்தைப் பகிர்ந்து கொடுப்பதே எனக்கு உகந்த உபவாசம். சாப்பிடாமல் மிச்சமான உணவின் விலையைக் கணக்கிட்டு ஏழைக்குக் கொடுக்கும் பழக்கம் இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்திலேயே இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், உணவுக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவை விட வேண்டாம், கைபேசியை விடலாம். திருவிருந்துக்கு முன் தன்னைத்தான் சோதித்தறியச் சொல்லும் வசனத்தையும் (1 கொரிந்தியர் 11:28) அதன் சூழலோடு வாசியுங்கள். கொரிந்துவில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறியாயிருந்தான். பக்கத்தில் இருக்கும் ஏழைச் சகோதரனை எப்படி நடத்தினேன் என்பதே அந்தச் சோதனையின் முதல் கேள்வி.

மாற்றம் வந்ததா என்று பார்க்கச் சபையில் கேட்காதீர்கள், வீட்டில் கேளுங்கள். ஆவியின் கனி என்று கலாத்தியர் 5 எண்ணும் 9 குணங்களில் நீடிய பொறுமையும் சாந்தமும் இச்சையடக்கமும் வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் முதலில் தெரியும். தனியாக இதைத் தொடர்வதும் கடினம். 1742 முதல் வெஸ்லியின் சங்கங்கள் சுமார் 12 பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, வாரம் ஒருமுறை ஒவ்வொருவரின் ஆத்தும நிலையையும் கேட்டறிந்தன. 12 பேர் இல்லாவிட்டாலும் 3 பேர் போதும். ஆனால் அங்கே வேதபாடம் நடத்தத் தொடங்கிவிடாதீர்கள். கடந்த வாரம் எழுதிய செயல் நடந்ததா என்பதே பேச்சாக இருக்கட்டும்.

கடைசியாகப் போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பல வருடமாக வருகிறேன், உள்ளே ஒன்றுமில்லை" என்று ஒருவர் உங்களிடம் வந்தால், அவரை உற்சாகப்படுத்த ஞாயிறு பள்ளியையோ கமிட்டிப் பொறுப்பையோ கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே அவர் ஒன்பதைச் சுமந்துகொண்டிருக்கிறார். ஒரு மணி நேரம் ஒதுக்கி அவரைப் பேசவிடுங்கள். தூக்கம், உடல்நிலை, வீட்டுச் சூழ்நிலை கேளுங்கள். பிறகு, தேவன் உங்களிடம் எதைக் கேட்டுவிடக் கூடாது என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அவர் சொன்னதைப் பிரசங்க உதாரணமாக்க வேண்டாம், பெயரை மறைத்தும் வேண்டாம். ஒரு வாரம் கழித்து, ஒத்துக்கொண்ட அந்தச் செயலைப் பற்றி மட்டும் விசாரியுங்கள். நடக்கவில்லை என்றால் கடிந்துகொள்ளாமல் எது தடுத்தது என்று கேளுங்கள். மன்னிப்புக் கேட்கப் போக வேண்டிய வீட்டுக்குத் தனியே போகப் பயப்படுகிறார் என்றால், கூடவே போங்கள்.

இப்படிக்கு,
வேதபாடப் பணியிலும் ஆலோசனைப் பணியிலும் உள்ள வாசகர்கள்